வயலில்லாத குளம்

மட்டக்களப்பில் பிறந்த ஒருத்திக்கு ஐரோப்பிய இடைக்காலத்தை ஆராய என்ன அருகதை என்று கனடாவில், மொன்றியல் பல்கலைக்கழகத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். ஏழு வருடம் மிஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த பழைய பண்ணை மாளிகைகளைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. மாளிகைகள் எப்போதோ இடிந்துவிட்டன. புல்லுக்கடியில் அகழியின் சதுரமும் பக்கத்தில் குளங்களின் பள்ளமும்தான் மிச்சம். நேரில் போய்ப் பார்க்க விசாவும் கிடைக்கவில்லை, வசதியும் இல்லை. லாசாலில் எங்கள் வீட்டுச் சமையல் மேசையில் வான்படங்களை விரித்துவைத்தே எழுதினேன். கணவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறவர். நான் படிக்கட்டும் என்று இடுப்பு வலியோடு ஓவர்டைம் செய்தார்.

அந்தக் குளங்கள் மீனுக்கானவை என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லின. நான் நம்பவில்லை. மீனுக்காக யாராவது இவ்வளவு பெரிய கட்டுக் கட்டுவார்களா? ஒரு படத்தில் குளக்கட்டு, மதகு, ஓரமாகச் சுற்றிப் போகும் வாய்க்கால், கீழே சமநிலம். எங்கள் ஊர்க் குளங்களைப்போல இதுவும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய குளமேதான் என்று பார்த்தவுடனே தீர்மானித்துவிட்டேன். முழு ஆய்வையும் அதன்மேல் கட்டினேன். தேவாலயப் பதிவுகளில் மூழ்கியிருந்த என் பேராசிரியருக்கும் அது புதுமையாகப் பட்டது.

போன மாதம் பரீட்சகரின் அறிக்கை வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். வெள்ளத்தில் மீன் அடித்துப் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிட வெட்டியதாம் அந்த வாய்க்கால். வருடம் முழுக்க மழை பெய்யும் அந்த இடத்தில் யார், எதற்குப் பாசனம் செய்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஏழு வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அது. ஆய்வை நிராகரித்துவிட்டார்கள். தரக்கூடிய கால நீட்டிப்பெல்லாம் ஏற்கெனவே தந்தாயிற்று.

கணவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னேன். அழாமல் சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவர் படத்தை வாங்கி, கட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது வயலுக்குத்தானே தண்ணி விட்டிருக்கு? எனக்கே விளங்குது. அவையளுக்கு ஏன் விளங்கேல்லை?"

என் ஆய்வை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஒரே மனிதர். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"வடிவாத் திருத்திக் குடும். நான் இன்னும் ஒரு வருசம் ஓவர்டைம் செய்யிறன்."

இனித் திருத்திக் கொடுக்க வழியே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்றேன். இன்றைக்கும் விடிய எழும்பிப் பெட்டி ஏற்றப் போயிருக்கிறார்.