துளியண்ணன் சொன்ன நிறம்

பெயிண்ட் கடையில் அவரைத் துளியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை டப்பாவில் எந்தச் சாயம் எத்தனை துளி விழுந்திருக்கிறது என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார். பழைய சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அதே நிறத்தைக் கலந்து கொடுப்பார். கண்ணுக்கு இப்பேர்ப்பட்ட பெயர் வாங்கிய மனுஷன்தான் ஒரே ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

கழிப்பறையில் முதல்முறை ரத்தத்தைப் பார்த்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சொட்டின ரத்தம் இல்லை அது. மலத்தோடு கலந்து, கறுப்பை நோக்கிப் போகிற அடர் மெரூன். இப்படிக் கலந்து வந்தால் அது எங்கேயோ உள்ளேயிருந்துதான் வருகிறது என்பது நிறம் கலக்கிற ஆளுக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததால்தான் அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றினார்.

மூன்றாவது முறை பார்த்த பிறகு தெருமுனை டாக்டரிடம் போனார்.

"ரத்தம் பளிச்சுனு சிவப்பா சொட்டுதா? இல்ல, கறுப்பா கலந்து வருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"பளிச்சுனு சிவப்பு டாக்டர். கடைசியா ரெண்டு சொட்டு, அவ்ளோதான்."

"படுங்க, எதுக்கும் பாத்துடலாம்."

"ஐயோ வேணாம் டாக்டர். கடையில ஆளில்ல."

வாய் கூசாமல் சொன்னார். மூலம் என்று டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, பதினைந்து நாளில் நிற்காவிட்டால் கட்டாயம் வரச் சொன்னார். துளியண்ணன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். டாக்டருக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஐந்து மாதம் ஓடியது. ஒருநாள் கடையில் ஏணி ஏறியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்த மனைவி அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது. எங்கேயோ கசிகிறது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

முந்தின நாள் முழுக்க மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடலைக் கழுவிக்கொண்டு போனார். டெஸ்ட் முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். வலது பக்கப் பெருங்குடலில் ஒரு கட்டி. அதைச் சுற்றி அதே மெரூன். கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையைச் சோதித்து, புற்றுநோய்தான் என்று ஒரு வாரத்தில் சொன்னார்கள். வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். அதன் முடிவு வருகிறவரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்லீரலிலும் நுரையீரலிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள்.

"நிம்மதிதான். ஆனா எந்த நிலைன்னு ஆபரேஷனுக்கு அப்புறம்தான் முழுசா தெரியும்" என்றார் டாக்டர். "கட்டி குடல் சுவரை எவ்ளோ ஆழம் துளைச்சிருக்கு, பக்கத்து நிணநீர் முடிச்சுல போயிருக்கான்னு வெட்டி எடுத்ததைச் சோதிச்சுப் பாக்கணும்."

ஆபரேஷனில் எடுத்த பதினெட்டு முடிச்சுகளைச் சோதித்ததில் இரண்டில் இருந்தது. மூன்றாம் நிலை. தொடர்ந்து கீமோ மருந்து ஏற்ற வேண்டும்.

"அஞ்சு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று துளியண்ணன் மெல்லக் கேட்டார்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் இந்தக் கேமரா டெஸ்ட் எடுத்துக்கணும்."

அன்று மாலை தம்பி கடையைப் பூட்டிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தான். அண்ணனிடமே தொழில் கற்று, அதே கடையில் அதே வேலை செய்கிறவன். உள்ளே மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"மூலம்னு களிம்பு குடுத்தானே, அவன் சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்."

துளியண்ணன் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தார். "நீயும் டெஸ்ட் எடுக்கணும்டா. டாக்டர் சொல்லிட்டார்."

"எனக்கென்னண்ணே, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எப்பவாச்சும் லேசா ரத்தம் வரும். பளிச்சுனு சிவப்பு. ரெண்டு சொட்டு. அது சும்மா மூலம்."

துளியண்ணனுக்கு அடிவயிற்றுத் தையல் சுண்டி இழுத்தது. கத்தி வைத்த அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை அவர்.

"அந்த டாக்டர் மேல தப்பில்ல" என்றார். "நானும் இதையேதான் சொன்னேன், இதே வார்த்தை. பொய். வந்தது மெரூன். பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியின் கடைப் பையிலிருந்து நிற அட்டையை உருவி, சிவப்புகள் இருக்கும் பக்கத்தை விரித்து நீட்டினார். "வாயால சொல்லாத. தொட்டுக் காட்டு."

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. விரல் முதலில் மேல் வரிசையில் இருந்த பளீர்ச் சிவப்புக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கி, கடைசி வரிசையில், கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

எத்தனை மாதமாக என்று தரையில் உட்கார்ந்திருந்தவள்தான் கேட்டாள்.