சட்டை முதுகில் ஒரு கை

எங்கள் அத்தானுக்கு அழுக்கு என்றால் ஆகாது. ஆகாது என்றால் வெறுமனே முகம் சுளிக்கிற ரகமில்லை. செருப்பில் ஒரு துளி சேறு தெறித்தாலும் அன்று முழுக்க அந்தக் காலைச் சரியாக ஊன்றாமல் நொண்டிக்கொண்டே நடப்பார். தொழில் அப்படி. தெருக்கோடியில் லாண்டரி வைத்திருக்கிறார். மை, எண்ணெய், துரு, எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் மூக்கருகே வைத்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "சாயங்காலம் வாங்க" என்பார். தெருவில் அவருக்குப் பெயரே பளிச்சு. கறை எடுப்பது அவர், துவைப்பது என் அக்கா, இஸ்திரி போடுவது நான். கடை மொத்தமே நாங்கள் மூன்று பேர்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில், "நான் சேத்து ஓட்டத்துல ஓடப்போறேன்" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில், தேய்த்துக்கொண்டிருந்த பேன்ட் தீய்ந்துபோனது. அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

அவர் ஓடக் கிளம்பியதற்குக் காரணம் அவரே செய்த ஒரு வேலை. போன வருடம் அதே ஓட்டத்தில் அக்கா ஓடினாள். சேற்றுக்குழி, முள்கம்பிக்கு அடியில் தவழ்வது, பலகைச் சுவர் ஏறுவது என்று வழி நெடுக மனிதனை வதைக்கிற ஏற்பாடுகள். காசு கொடுத்து வதைபடுகிறார்கள், அது வேறு விஷயம். சுவரில் ஏற முடியாமல் அக்கா திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் முதுகில் கை வைத்து ஒரே உந்தாக மேலே தள்ளிவிட்டாளாம். வீட்டுக்கு வந்தபோது சட்டையின் முதுகில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது.

"இத்தனை வருஷமா ஊர்த் துணியை அலசிட்டு இருக்கேன். எனக்குன்னு ஒருத்தி கை குடுத்தது இதுதான்டா. இதை அப்படியே வச்சுக்கப் போறேன்" என்று என்னிடம் காட்டினாள். சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, உடம்பு வலி தாங்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

அத்தான் அந்த வழியாக வந்தார். அவர் கண்ணுக்கு அது கறை. சாப்பாட்டைக்கூட மறந்து மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் கஞ்சி போட்டு, தானே தேய்த்து, அக்கா எழுந்து வரும்போது கண்ணெதிரே மாட்டிவைத்து, "எப்படி? புதுசு மாதிரி இல்ல?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அக்கா சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கையை எங்க போட்டீங்க?" என்றாள்.

அவரோடு அவள் நேரடியாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாக. ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுடா உன் அத்தானை" என்பாள். அவர் உப்பை என்னிடம் தள்ளுவார், நான் அவளிடம் தள்ளுவேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே மாட்டிக்கொண்டவன் பாடு யாருக்கும் வரக்கூடாது.

அத்தானும் சும்மா இருக்கவில்லை. புதுச் சட்டை ஒன்று வாங்கி, கொல்லைப்புறச் சேற்றில் கண்ணை மூடிக்கொண்டு கையை நனைத்து, அதன் முதுகில் ஓர் அச்சு வைத்துக் கொண்டுவந்தார். அக்கா ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது அவர் கைன்னு சொல்லு. விரல் இடுக்குலகூட சேறு படாம வச்சிருக்காரு."

"அப்ப நானே ஓடி, நெஜமான சேத்தோட வந்து நிக்கறேன்னு சொல்லுடா!" என்று கத்தினார் அத்தான்.

"ஓடட்டும், பாக்கலாம்" என்றாள் அக்கா. முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தான் பயிற்சியில் இறங்கினார்.

பயிற்சி என்றால் கண்றாவி. சுவர் ஏறிப் பழக அழுக்கு மூட்டைகளை அடுக்கினார். ஏறுவார், நடுவில் ஏதாவது துணியில் கறை கண்ணில் பட்டுவிடும், அங்கேயே தொங்கிக்கொண்டு சுரண்டுவார். தவழ்ந்து பழகியது, கோட்டுகள் தொங்கும் கம்பிக்கு அடியில். சேறு பழகுவதற்குத் துவைக்கும் தொட்டியில் மண்ணைக் கொட்டிக் கரைத்தார், அதுவும் சல்லடையில் சலித்த மண். முதல் நாள் சுண்டு விரல். அடுத்த நாள் மணிக்கட்டு வரை. முழு உடம்போடு இறங்கிய அன்று, துணி மாட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையில் ஓட்டை போட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் அம்மா கோட்டு வாங்க வந்து, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டார்.

"உங்க கோட்டு ரெடிம்மா" என்றார் அத்தான் தொட்டிக்குள் இருந்தபடியே. "சுத்தத்துக்கு நான் பொறுப்பு."

அந்த அம்மா கோட்டைத் தன் கைப்பையால் ஏந்தி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடைப்பக்கம் தலைகாட்டவில்லை.

ஓட்டத்தன்று அத்தான் வெள்ளைச் சட்டையில் வந்தார், மடிப்புக் கலையாமல். நானும் அக்காவும் பலகைச் சுவருக்குப் பக்கத்தில், கயிற்றுக்கு வெளியே நின்றோம். ஊதல் ஊதியதும் எல்லோரும் சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அத்தான் குழிகளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் தாவித் தாவி வந்தார். சுவரடிக்கு வந்து சேர்ந்தபோது முழங்காலுக்கு மேல் ஒரு பொட்டு இல்லை. பழக்கம் எங்கே போகும்? இப்படியே போய் முடித்தால் அக்கா ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அத்தான் சுவரைப் பிடித்தார், வழுக்கினார். மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கினார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். அழுதாரோ என்னவோ, தோள் குலுங்கியது.

"இந்த மனுஷனை..." என்று பல்லைக் கடித்தாள் அக்கா. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, சேற்றில் வழுக்கி, கையை ஊன்றி எழுந்து, அதே கையை அவர் முதுகில் வைத்து ஓங்கித் தள்ளினாள். அப்போதும், "காலை மடக்கச் சொல்லுடா உன் அத்தானை!" என்றுதான் கத்தினாள்.

"அத்தான், காலை மடக்குங்க!" என்று நானும் கத்தினேன்.

அவர் மேலே போய்விட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகில் அக்காவின் கை ஐந்து விரலோடும் பதிந்திருந்தது.

அதற்கப்புறம் அத்தான் வேறு மனிதர். அடுத்த குழியில் தொப்பென்று குப்புற விழுந்தார். வயிறு, முகம், வாய் எல்லாம் சேறு. முதுகை மட்டும் வானத்துக்குக் காட்டிக்கொண்டே முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்தார். கடைசி ஆளாக முடித்தபோது யாரோ ஒருவர் பாராட்டித் தட்டிக்கொடுக்க வந்தார். "முதுகைத் தொடாதே!" என்று அத்தான் போட்ட கூச்சலில் அந்த ஆள் பதறி விலகினார். வீடு திரும்பும்போது பேருந்தில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றே வந்தார். வந்ததும் சட்டையைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் நாற்காலியில் கிடத்திவிட்டு, குளித்துவிட்டுத் தூங்கிப் போனார்.

சாயங்காலம் எழுந்து, தேய்த்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலி காலி. வெள்ளைச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பளிச்சென்று, ஒரு தடயம் இல்லாமல். அக்கா தொட்டிப் பக்கத்தில் நின்றாள், கையெல்லாம் சோப்பு நுரை.

அத்தான் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கையை எங்க போட்டே?" என்றார்.

கேட்டு முடித்த பிறகுதான் அவருக்கே தான் கேட்டது என்னவென்று உறைத்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது.

நான் வழக்கம்போல, பதிலை வாங்கி அவரிடம் சேர்ப்பதற்காக அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

"எங்கயும் போகலீங்க. இங்கதான் இருக்கு" என்று சொல்லி, ஈரக்கையால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

தேய்த்த சட்டையில் நுரையோடு ஐந்து விரலும் பதிந்தது. அத்தான் அதைத் துடைக்கவில்லை. அன்று ராத்திரி உப்பு என் பக்கம் வராமலே மேசையைக் கடந்து போனது.