நைனா காக்காத பாலம்

என் நைனா காக்காத ஒரு பாலத்தை அவர் தலையில் கட்டியவன் நான். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், அல்லது கண் கலங்குகிறார்கள், நம்புகிறவர் இல்லை. எழுத்தில் சொன்னாலாவது நிற்குமா என்று பார்க்கிறேன்.

இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில், நவம்பர் பிறந்தால் எல்லார் சட்டையிலும் இடப்பக்கம் ஒரு சிவப்புப் பூ வந்துவிடும். பேருந்து ஓட்டுநர், மளிகைக் கடையில் காசு வாங்கும் பெண், குப்பை வண்டிக்காரர் எல்லாரும் குத்தியிருப்பார்கள். போரில் இறந்தவர்களின் நினைவுக்காம். கட்சி பேட்ஜ் தவிர வேறெதையும் சட்டையில் குத்திப் பார்க்காத எனக்கு, முதல் வருடம் இந்த ஊரே ஒரே கட்சி என்றுதான் தோன்றியது.

நைனாவும் போருக்குப் போனவர்தான். கவரப்பேட்டையை அடுத்த எங்கள் ஊரில் அவர் மிலிட்டரி தாத்தா. என் மகள் அவர் மடியைவிட்டு இறங்காமல் வளர்ந்தவள். பர்மா எல்லையில் நான்கு ஆண்டுகள் அவர் பார்த்தது தண்ணீர் வேலை. ஆற்றுத் தண்ணீரைக் கித்தான் தொட்டியில் நிரப்பி, மருந்து கலந்து, அரை மணி காத்திருந்து, முகர்ந்து பார்த்து, கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி முன்வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். துப்பாக்கி கொடுத்திருந்தார்கள், சுட்டதில்லை. ஆனாலும் டீக்கடையில் மார்தட்டிக்கொள்ள அவரிடம் ஒரு பேச்சு இருந்தது.

"நாலு வருசம் என் தண்ணியத்தான் குடிச்சானுங்க. ஒருத்தனுக்குப் பேதின்னு வந்திருக்குமா? கேட்டுப் பாரு!"

யாரிடம் போய்க் கேட்பது என்று எவரும் கேட்டதில்லை. கல்யாணப் பந்தியிலும் டம்ளரை முகர்ந்த பிறகுதான் குடிப்பார். சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

2001இல் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் பர்சனல் மேனேஜர். அந்தச் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வருவதாக இருந்த அதிகாரி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். "உங்க அப்பா மிலிட்டரிதானே?" என்றார் இயக்குநர். சிறப்பு விருந்தினர் அறிமுகத்தை எழுதுவது என் வேலை. இருபது வருடமாக வந்தவர் போனவரையெல்லாம் வானளாவப் புகழ்ந்து பழகிய கை அது. சொந்த அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் கை நின்றது. இயக்குநர்கள் முன்னால் பேதியை எப்படிச் சொல்வது? ஒரு பாலத்தைக் கட்டினேன். "பர்மாக் காட்டில் மூன்று பகல், மூன்று இரவு, தனியொருவராகப் பாலம் காத்த மாவீரர்."

மைக்கில் அதை வாசித்தபோது தொழிலாளர்கள் கைதட்டினார்கள். நைனா, அந்த மாவீரர் எங்கே என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, "நான் பாலம் கீலம் எதையும் பாக்கலீங்க. தண்ணி ஊத்தனவன்" என்றார். இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். என்ன ஒரு தன்னடக்கம்!

திரும்பும்போது கம்பெனி வேனில் கேட்டார்:

"ஏண்டா, எந்தப் பாலம் அது?"

"வுடு நைனா. மேடைன்னா அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப தண்ணி?"

நான் டிரைவரிடம் பாட்டுப் போடச் சொன்னேன்.

அதன்பின் டீக்கடையில் அவர் வாயைத் திறந்தாலே, "தாத்தா, அத்த வுடு, பாலத்தச் சொல்லு" என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் நோட்டும் கையுமாக வந்தார்கள். அவருக்குச் சொல்லத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை; கேட்டதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. இரண்டே மாதத்தில் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். டீ வீட்டுக்கு வந்தது. நான்கு வருடம் கழித்து அவர் இறந்தபோது நான் மகளோடு இங்கே வந்துவிட்டிருந்தேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குற்ற உணர்ச்சியில் நெடுஞ்சாலை ஓரம் அவர் பெயரில் ஒரு பயணியர் நிழற்குடை கட்டித் தந்தேன். வாசகத்தை ஊராட்சித் தலைவர் பார்த்துக்கொண்டார். கறுப்புக் கல்லில், "பாலம் காத்த மாவீரர்". கீழே, "உபயம்: கனடா வாழ் மகன்".

போன நவம்பரில், போர் நினைவு நாளுக்குப் பேசச் சொல்லி, பேரனின் வகுப்புக்கு என்னை அழைத்தார்கள். இங்காவது உண்மையைச் சொல்லலாம் என்று போனேன். அவர் தண்ணீர் கொடுத்தவர், நான்கு வருடம் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை, அவ்வளவுதான் என்றேன். ஆசிரியை நெஞ்சில் கைவைத்து, "ஸோ ஹம்பிள்!" என்றார். பாலத்தைப் பற்றி என் மகள் முன்பே எழுதி அனுப்பிவிட்டாளாம். அப்பாவின் தன்னடக்கம் எனக்கும் வந்திருக்கிறதாம்.

மறுநாளே ஊராட்சித் தலைவருக்குப் போன் செய்து, கல்லை மாற்றச் சொன்னேன்.

"சார், பேதின்னு எப்டி சார் வெட்றது? லேடீஸ்லாம் நிக்கிற எடம்."

"பேதி வேணாங்க. தண்ணின்னு போடுங்க."

"அத்த நான் பாத்துக்கறேன். நீங்க பேஜாராவாதீங்க."

பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். பாலம் அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: "தாகம் தீர்த்த வள்ளல்".

கல்லை நம்பிப் பயனில்லை, வாயால் சொல்லிவிடுவோம் என்று மறுநாள் காலை நிழற்குடையில் போய் உட்கார்ந்தேன். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் காத்திருந்தாள். அவளிடம் கல்லைக் காட்டி, "இது பொய்ம்மா. இவரு என் அப்பா. தண்ணிய சுத்தம் பண்ணிக் குடுத்தவரு. பாலம் நான் எழுதினது" என்றேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் ஷூவைப் பார்த்தாள்.

"அந்தக் கனடா நீங்கதானா?"

"ஆமா."

"அதான். அங்க போய் குந்திக்கினு, பெத்தவர இப்டி எறக்கிப் பேசுறீங்க. எங்க ஊரு மிலிட்டரி தாத்தா பாலத்தக் காத்தவரு சார். இங்க யார வேணா கேளுங்க."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள். அடுத்த வண்டிக்கான ஆட்கள் வந்து பெஞ்சை நிரப்பினார்கள். அவர்களுக்கு இடம் விட்டு, நான் எழுந்து வெளியே வெயிலில் நின்றுகொண்டேன்.