இடுப்புக் கயிற்று முடிச்சுகள்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. தொழிலாளர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வந்திருக்கிறேன். சூளைச் சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. வர்ணம் பூசும் மேரி அக்கா எனக்கு டீ வாங்கித் தருகிறார். குடித்துக்கொண்டே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறேன்.

"ஆறு பேருங்க."

நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அவர் கையில் மிருகத் தோல் போர்த்திய ஒரு பொம்மை. ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஆர்டராம். அதன் இடுப்புக் கயிற்றில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி வைக்கிறார். என்னவென்று கேட்கிறேன்.

"முடிச்சுங்க. இவங்க பனி தேசத்துல கூடாரம் போட்டுத் திரியிற கொள்ளக்காரங்களாம். மொதல்ல விருந்தாளியா வந்து, குடுக்கிறதக் குடிச்சிட்டு, வூட்ல எத்தினி பேருன்னு விசாரிப்பாங்களாம். ஆளுக்கொரு முடிச்சு போட்டுக்கினு போயிடுவாங்க. அடுத்த பனிக்குத் திரும்பி வந்து, அத்தினி பேரையும்..."

பிரஷ் நிற்கிறது. அவர் பார்வை என் நோட்டுக்கு வருகிறது.

"கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்த கதைதாங்க. இருந்தாலும் நோட்டுல அந்த ஆறை அடிச்சிடுங்க."

அவர் கண்ணெதிரிலேயே அடிக்கிறேன். அப்படியும் நான் கேட்டைத் தாண்டும்வரை நின்று பார்க்கிறார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எனக்கும் பயம் வருகிறது. நோட்டில் அடித்துவிட்டேன். ஆறு என்பது மறக்க மாட்டேன் என்கிறது.