கேள்விக்குறி போட்ட தலைப்பு

போன சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் காயத்ரி நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில் குடியிருக்கும் பெண். சிறுசேரியில் ஐ.டி. வேலை. இடுப்பில் கைக்குழந்தை, தோளில் ஆபீஸ் லேப்டாப் பை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, "சனிக்கிழமையும் கூப்பிடறாங்களாம்மா?" என்றேன்.

"இல்ல அங்கிள். வேலையை விட்டுட்டேன். லேப்டாப்பைத் திருப்பி அனுப்பணும். கூரியர்காரர் வரேன்னார், அதான் நிக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு சரியில்லை. எப்படிச் சரியாக இருக்கும்? டீம் லீட் ஆன அன்று எல்லா வீட்டுக்கும் ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்த பெண் இவள்.

"ஏம்மா, பக்கத்துல டே கேர் எதுவும் கிடைக்கலையா?"

"கேம்ப் ரோடு பக்கத்துலயே ஒண்ணு இருக்கு அங்கிள். அவங்க வெப்சைட்டைப் பார்த்த அப்புறம்தான் இந்த முடிவுக்கே வந்தேன். எடுத்ததும் ஒரு லைன் போட்டிருந்தாங்க..." என்றவள், ஒரு வார்த்தை பிசகாமல் அதை ஒப்பித்தாள்.

'நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது உங்கள் குழந்தை யாரைத் தேடி அழுகிறது?'

"யாரோ நல்லா எழுதியிருக்காங்க. அம்மா மனசு தெரிஞ்சவங்க போல. அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை. காலையில எழுந்து மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேன்."

அந்த 'யாரோ' நான்தான்!

நடந்தது இதுதான். எஸ்தர் டீச்சர் என்று ஒருவர். என் மனைவிக்குத் தோழி. ஸ்கூலிலிருந்து ரிட்டயர் ஆனதும் வீட்டின் கீழ்த்தளத்தில் டே கேர் தொடங்கினார். வெப்சைட்டை அவருடைய தங்கை மகன் செய்து கொடுத்தான். "நீங்க எழுதறவர். ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன் சார்" என்று டீச்சர் கேட்டார்.

என்னிடம் இப்படிக் கேட்கலாமா? தாம்பரத்திலிருந்து சேலையூர் வருவதற்குள் வழியிலிருக்கும் அத்தனை போர்டுகளையும் மனசுக்குள் திருத்தி எழுதிக்கொண்டே வருகிற ஆள் நான். அதிலும் இந்த பிசினஸ் வெப்சைட்டுகள் இருக்கின்றனவே... டிராவல்ஸ், பிளம்பர், பல் டாக்டர் - எதைத் திறந்தாலும் 'தங்களை அன்புடன் வரவேற்கிறோம்'. வரவேற்கட்டும். அதற்கப்புறம் படிக்கிறவர் ஏன் அங்கே நிற்க வேண்டும்?

டீச்சர் பக்கத்தின் தலைப்பு இப்படி இருந்தது: 'சேலையூரில் குழந்தைகள் டே கேர். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை.'

"என்ன டீச்சர், பஸ் டைம் மாதிரி இருக்கு!" என்று கிண்டலடித்துவிட்டு ஒரு லெக்சரே எடுத்தேன். தலைப்பில் 'நாங்கள்' கூடாது, 'நீங்கள்' வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். எங்கே வலிக்குமோ அங்கே தொட வேண்டும். இரண்டே நிமிடத்தில் என் தலைப்பை எழுதிக் கொடுத்தேன். நேர விவரத்தைத் தூக்கிப் பக்கத்தின் அடியில் போடச் சொன்னேன்.

டீச்சர் தயங்கினார். "படிச்சா கொஞ்சம் பயமா இருக்கே சார்?"

"பயம் வந்தாதான் டீச்சர் போன் வரும்."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

போன் வந்தது. "நிறைய வருது சார். ஆனா எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, பிள்ளை அழுமான்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்க அழுதுடறாங்க" என்றார் டீச்சர். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? தலைப்பு வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குஷி.

வாசலில் காயத்ரியிடம் மெதுவாகக் கேட்டேன். "அந்த டே கேர் எத்தனை மணி வரைக்கும்னு பார்த்தியாம்மா?"

"எங்க அங்கிள்... அந்த லைனுக்குக் கீழ நான் போகவே இல்ல. ஆறு மணிக்கு மூடிடுவாங்க, எல்லா இடத்துலயும் அப்படித்தானே? எனக்கு ஆபீஸ் கேப் வந்து சேரவே ஏழரை ஆயிடும்."

"எட்டு மணி வரைக்கும்மா."

அவள் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அவள் துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "அந்த லைனை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"அப்போ நீங்க அங்க போய்ப் பார்த்திருப்பீங்க. குழந்தைங்க ரொம்ப அழுதாங்களா அங்கிள்?"

நான் அங்கே போனதே இல்லை. வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது அது. அதையும் சொன்னேன்.

கூரியர்காரர் வந்தார். காயத்ரி பையைக் கொடுத்துவிட்டு அவர் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டாள். "மேனேஜர்கிட்ட இன்னொரு தடவை பேசிப் பாரேம்மா" என்றேன். "என் இடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்க அங்கிள்" என்றபடி படியேறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இதேதான் யோசனை. 'உங்கள் குழந்தை அழும்' என்று எழுதியிருந்தால் யாராவது சண்டைக்கு வந்திருப்பார்கள். நான் சொல்லவில்லையே... கேட்கத்தானே செய்தேன்? கேள்விக்குறியில் எழுதுகிற எங்களுக்கு இருக்கிற வசதி இது. பதிலை எழுதுகிற வேலை படிக்கிறவர் தலையில் விழுகிறது. பாவம், கேட்கிறவனுக்குப் பதில் தெரியும் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

டீச்சருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பழைய தலைப்பையே போடச் சொன்னேன். திங்கட்கிழமை சாயங்காலம், முதல் முறையாக, அந்த டே கேருக்குப் போனேன்.

ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாண்டுகள் ஒரே பொம்மைக் காருக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் குழந்தை பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துத் தோய்த்துப் பாலையே காலி செய்திருந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் வாசல் கிரில்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அழுதான்.

அவனைக் கூட்டிப் போக அம்மா வந்திருந்தார். அவனுக்கு வீட்டுக்குப் போக மனசில்லை.

"தினம் இதே கதைதான் சார்" என்று டீச்சர் சிரித்தார்.

இதைக் காயத்ரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.