சாப்பிட்டீகளா, ஆட்டுக்குட்டி?

விடுமுறைக்குப் புதுவயலில் தாத்தா வீட்டுக்குப் போய்வந்த மகளின் பையில் என் பழைய படக்கதைப் புத்தகம் இருந்தது. பிரித்ததும் தவிட்டு வாசனை. அரிசி ஆலையிலிருந்து வந்த கையோடு அப்பா அதை எனக்குப் படித்துக்காட்டுவார்; பக்கமெல்லாம் உமி உதிரும்.

படத்தில் வாயைப் பிளந்து நிற்கும் புலி, அப்பா குரலில் ஆட்டுக்குட்டியிடம் கேட்கும்: “எங்குட்டுப் போறீக? சாப்பிட்டீகளா?”

இரண்டாம் வகுப்பில் புத்தகத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். டீச்சர் வாசிக்கச் சொன்னதும் அப்படியே ஒப்பித்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் எழுத்தின்மேல் விரல் வைத்துக் காட்டினார்: ‘எங்கே போகிறாய்?’

அழுதுகொண்டே அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். “தப்புத்தப்பாப் படிச்சிருக்கீக!”

அப்பா சிரிக்கவில்லை. “புலியாவே இருக்கட்டும் ஆத்தா. முன்னப்பின்ன தெரியாதவுகள நீ, வா, போன்னா பேசுவாக?”

இன்று மகளை மடியில் வைத்துக்கொண்டு, அச்சில் உள்ளதை அட்சரம் பிசகாமல் வாசித்தேன். “எங்கே போகிறாய்?”

அவள் என் வாயைப் பொத்தினாள்.

“தப்பும்மா. தாத்தா ஊர்ப் புலி மரியாதையாப் பேசும்.”