சிவந்த மஞ்சள்

களம்பூர் ரைஸ்மில் தெருவில் வளர்ந்தவள் நான். நெல்லைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன். பட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல்தான் ஆரணியில் தறி ஓடும் வீட்டுக்கு மருமகளாக வந்தேன்.

புதுத் தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசிய கையோடு, ஒரு நாள் தறியிலிருந்து அறுத்து வைத்திருந்த சந்தன நிறப் புடவையைத் தொட்டுவிட்டேன். முந்தானையில் மஞ்சள் அப்பிக்கொண்டது. பயத்தில் துணி சோப்பைக் கரைத்துத் தேய்த்தேன். கறை போகவில்லை, ரத்தம்போலச் சிவந்தது.

மாமியார் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். "தூரமாகினு தறிகிட்ட வந்தியாடி?"

"இல்லீங்க அத்த, மஞ்சள்தாங்க."

"மஞ்சள் எந்த ஊர்ல செவப்பா இருக்குது?"

தறிக்குத் தீட்டுக் கழித்தார்கள். என்னைப் பின்கட்டில் உட்கார வைத்தார்கள். மாமியார் என் அம்மாவுக்குப் போன் போட்டு, "பொண்ண வளத்த லட்சணம் இதுதானா? வந்து இட்டுகினு போங்க" என்றார். அம்மா அழுதது எனக்குக் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

மறுநாள் காலை பின்கட்டிலிருந்து பார்த்தேன். சாயம் போட்ட நூலைக் கடைசியாக அலசுவதற்கு அந்த வீட்டில் எப்போதும் வினிகர் இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பஞ்சால் முந்தானையை ஒற்றினார் மாமியார். ஒற்ற ஒற்றச் சிவப்பு மறுபடி மஞ்சளானது. பிறகு வெயிலில் விரித்தார். சாயங்காலத்துக்குள் அந்த மஞ்சளும் வெளுத்துப் போனது. பாவி, எல்லாம் தெரிந்துதான் கத்தியிருக்கிறாள்.

அதற்கடுத்த நாள் என் அம்மா பஸ் பிடித்து வந்தார். கறையில்லாத புடவை பீரோவுக்குள் இருக்க, அம்மா மாமியாரின் காலில் விழுந்தார். "போனா போகுது, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மாமியார்.

என் புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பின்கட்டுக்கு எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். அன்று ராத்திரி அவர் சாப்பிடும்போது கேட்டேன்.

"சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே" என்றார், சோற்றைப் பிசைந்தபடி. "சொன்னா அம்மா கத்திகினே இருக்கும். பேஜாரு எதுக்குன்னு உட்டுட்டேன்."

மாமியாரையாவது மன்னிப்பேன். இந்த மனுஷனை மாட்டேன்.

இப்போது அவருடைய வெள்ளை வேட்டிகளை நான்தான் துவைக்கிறேன். பின்பக்கமாகப் பார்த்து ஒரு விரல் மஞ்சள் வைத்து, சோப்பைத் தேய்த்து, அந்த இடத்தை அலசாமல் காயப் போடுகிறேன். வினிகர் பாட்டில் என் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. டீக்கடையில் எல்லோரும் சிரிக்கிறார்களாம். மஞ்சள்தான் என்று இவர் சொன்னால், மஞ்சள் எந்த ஊரில் சிவப்பாக இருக்கிறது என்று கேட்கிறார்களாம்.